சுண்ணாம்பு சுட்ட புண் என்று நினைத்தோம்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சரோஜா உதட்டில் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். பதினைந்து வயது. இங்கே ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கூடப் படிக்கும் சீனப் பெண் ஒருத்தி கொடுத்தாளாம். ரோஜாப்பூவாகவும் இல்லாமல் செங்கல்லாகவும் இல்லாமல் நடுவில் ஒரு நிறம். அவள் அப்பா பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வீட்டில் சண்டை வரும் நேரத்தில்தான் அவருக்கு உலகச் செய்திகளில் அக்கறை வரும்.

"கழுவிட்டு வா" என்றேன்.

"ஏம்மா? ஸ்கூல்ல எல்லாரும்தான் போடறாங்க."

"நீயும் போட்டுக்க. முதல்ல கழுவிட்டு வந்து உதட்டை வெளிச்சத்துல காட்டு. அப்புறமாப் போட்டுக்க."

சாயத்தைத் தடுப்பேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே கழுவிவிட்டு வந்தாள். பின்கட்டில் வெயில் விழும் இடத்தில் அவளை நிறுத்தி, கீழ் உதட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, தடிப்பு இல்லை. பிறகு அவள் அப்பாவின் முறை. மாதத்தில் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் இது நடக்கும். சரோஜா தன் தோழிகளிடம் என்னை "லிப் இன்ஸ்பெக்டர்" என்றுதான் சொல்கிறாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் தஞ்சாவூர்க்கார அம்மாள், "இது உங்க ஊர்ப் பக்கத்து வழக்கமா?" என்று ஒருநாள் கேட்டாள். ஏற்கெனவே நான் 'வூடு' என்று சொன்னால் சிரிக்கிறவள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஊர் வழக்கமில்லை. என் அண்ணனால் எனக்கு வந்த வழக்கம். நான் கப்பலேறி இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம் முடிகிறது. இங்கிருந்து ஊருக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதை எழுதவில்லை. வெயிலில் நாள் முழுதும் நிற்பவர்களும், வாயில் வெற்றிலை போடாமல் இருக்க முடியாதவர்களும் நம் ஜில்லாவில் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த யாராவது இதைப் படித்துக் காட்டட்டும்.

2

எங்கள் ஊர் அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற பாதையில் இருக்கிறது. அண்ணனுக்குப் பெயரே தீர்த்தகிரி. என்னைவிட ஆறு வயது மூத்தவன். அவனுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது கீழ் உதட்டில் எள்ளளவு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இரண்டு வருஷத்தில் உதடு முழுக்கப் பரவிவிட்டது. பால் குடித்துவிட்டுத் துடைக்காமல் வந்தவன் போல இருப்பான். வலியில்லை, அரிப்பில்லை, நிறம் மட்டும் போய்விட்டது. ஆத்தா அவனை மலைக்கு அழைத்துப்போய்த் தீர்த்தத்தில் குளிக்க வைத்தாள். யார் யாரோ சொன்ன தைலமெல்லாம் தடவினாள். உதடு வெள்ளையாகவே இருந்தது.

நம் பக்கத்தில் உடம்பில் வெள்ளை விழுந்தால் ஜனங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்கள். அந்த வார்த்தை ஒரு வீட்டின் மேல் விழுந்தால் அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். ஆத்தாவுக்கு அண்ணனைப் பற்றிய கவலை பாதி, என்னைப் பற்றிய கவலை பாதி. "இவன் உதட்டைப் பாத்தா உன்னை எவன் கட்டுவான்?" என்று என்னிடமே கேட்பாள். அண்ணன் காதில் விழும்படிதான் கேட்பாள்.

வழி கண்டுபிடித்தது நான்தான். ஒரு கல்யாண வீட்டில் விளையாட்டுக்கு நான் மடித்துக் கொடுத்த வெற்றிலையை அவன் மென்றான். சாறு இறங்கி உதடு சிவந்தது. வெள்ளை போன இடம் தெரியவில்லை. "ஆத்தா, அண்ணன் உதட்டைப் பாரு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஆத்தா பார்த்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், என் வாயைப் பொத்தினாள்.

அன்று முதல் அண்ணன் வெற்றிலை போடாமல் வெளியே போனதில்லை. மடித்துக் கொடுப்பது என் வேலை. சுண்ணாம்பு கொஞ்சம் கூட இருந்தால் நன்றாகச் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கூடவே தடவுவேன். வாய் வெந்தாலும் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். பின்னால் புகையிலையும் சேர்ந்துகொண்டது. "உனக்குக் கண்ணாலம் ஆவற வரைக்கும்தான் பாப்பா. அப்புறம் துப்பிருவேன்" என்பான்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவன் துப்பவில்லை. அதற்கு முன்பே அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண், நல்லம்மா. பெண் பார்க்கப் போன அன்று நான் மடியில் ஏழு சுருள் கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வார்த்தை பேசாமல் மென்றுகொண்டே இருந்தான். மாப்பிள்ளை அடக்கமானவர் என்று பெண் வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். என்னைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரரிடமும் அப்படியேதான். அவர் மட்டும், "உன் அண்ணனுக்கு ரொம்ப கர்வம்" என்று இந்தப் பதினெட்டு வருஷத்தில் பலமுறை சொல்லியாயிற்று.

இப்போது மனைவியிடமிருந்து மறைக்க வேண்டியிருந்ததே! அதனால் வெற்றிலை தொடர்ந்தது.

3

முப்பத்தொன்றாம் வருஷம் மலேயா வந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என் எழுத்தை அவர்தான் உட்கார வைத்துத் தேற்றினார். ஊருக்குக் கடிதம் நானே எழுத ஆரம்பித்தேன். இங்கே வந்த புதிதில் கடைக்குப் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் முருங்கைக்காயைக் கையாலேயே நீளம் காட்டி வாங்கியவள் நான். இப்போது சரோஜாவிடம் தமிழில் பேசினால் அவள் மலாயில் பாதி, இங்கிலீஷில் பாதி பதில் சொல்கிறாள். மீதி இருந்தால் தமிழ்.

யுத்தத்துக்கு மூன்று நான்கு வருஷம் முன்பு, எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆத்தா கொடுத்தனுப்பிய கொள்ளும் புளியும் கொண்டுவந்து கொடுத்தார். ஆத்தா எனக்கு அனுப்பிய கடைசிப் புளி அதுதான். அடுத்த வருஷம் போய்விட்டாள். வந்தவரிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காருங்க. உதட்டுல மட்டும் சுண்ணாம்பு சுட்டுப் புண்ணாப் போச்சு. ஆறு மாசமாச்சு, ஆறவே மாட்டேங்குது. வேற ஒண்ணும் இல்லீங்க."

வெற்றிலை போடுகிற ஊரில் வாய்ப்புண் வந்தால் காரணம் தேட வேண்டாம். சுண்ணாம்புதான். வெண்ணெய் தடவு, நெய் தடவு, இரண்டு நாள் காரம் தின்னாதே. இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்கு வந்தது பயமில்லை, குற்ற உணர்ச்சிதான். சுண்ணாம்பைக் கூடத் தடவிப் பழக்கியவள் நான் அல்லவா? இங்கே சீன மருந்துக் கடையில் விற்கும் மெழுகுக் களிம்பு ஒரு டப்பி வாங்கி அனுப்பினேன். ஐந்தாறு மாதம் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. பட்டுத் துணியில் சுற்றி, பார்சல் ஆபீஸில் கால் கடுக்க நின்று, உள்ளே என்ன என்று நாலு பாரம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பாப்பா அனுப்பிய மருந்து என்று அண்ணன் பயபக்தியோடு தடவியிருக்கிறான். வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். இன்றைக்கும் அந்த மூன்று டப்பிகளை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. பாசத்தால் ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

4

ரயில்வேயில் ஒரு இஞ்சினீர் துரை இருந்தார். நல்ல மனிதர். இருபது வருஷம் தண்டவாளத்தோரம் வெயிலில் நடந்தவர். ஒருநாள் கீழ் உதட்டில் தையலோடு வந்து நின்றார். என்னவென்று எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் டிரஸரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அது புற்று, தங்கச்சி. சொண்டில வாறது. தொடக்கத்திலேயே கண்டபடியால் வெட்டி எடுத்துப்போட்டினம். ஆள் தப்பிட்டார்."

"உதட்டுல புற்றா? எதனாலங்க?"

"வெய்யில்தான் எண்டு டாக்குத்தர் சொல்லுறார். மேல்சொண்டுக்கு மூக்கு நிழல் குடுக்கும். கீழ்ச்சொண்டுக்கு ஆர் குடை பிடிக்கிறது? முதல்ல காயும், வெடிக்கும், செதில் செதிலா உரியும். பிறகு ஒரு புண் வரும். மூண்டு கிழமையில ஆறாத புண் எண்டால் விடப்படாது." கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம்.

"ரொம்ப வலிக்குமா?"

"நோகாது. அதுதானே பிழை! நொந்தால் சனம் ஓடி வந்திடும்."

வெள்ளைக்காரர்களுக்குத்தான் வருமா என்று கேட்டேன். அவர்களுக்குத்தான் அதிகம் என்றார். கறுப்பு நிறம் தோலுக்குக் குடை மாதிரி என்றார். நிறம் போன இடத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அங்க குடை இல்லை, தங்கச்சி. ஆருக்கு?"

சொன்னேன். வெள்ளை உதடு, வெற்றிலை, புகையிலை, ஆறாத புண், மூன்று டப்பி களிம்பு, எல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வெளியே ஒரு ஆளிடம் அந்த ரகசியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: வெற்றிலையை உடனே நிறுத்த வேண்டும், உதட்டைக் கழுவிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலால் அமுக்கினால் உள்ளே கல் போல இருக்கிறதா, தாடைக்குக் கீழே கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், எதுவாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "புகையிலையும் வெய்யிலும் சேர்ந்திருக்கு. பிந்த வேண்டாம்" என்றார்.

5

எழுதுவது சுலபம். யார் படிப்பது?

அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. அக்கரைக் கடிதம் வந்தால் எங்கள் ஊரில் அது ஒரு விசேஷம். பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் வருவார். அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். தெருவே வந்து கூடிவிடும். வாத்தியார் முதலிலிருந்து கடைசிவரை, என் கையெழுத்து உட்பட, பாடம் சொல்லும் குரலில் படிப்பார். அங்கே போய், "அண்ணா, உன் வெள்ளை உதடு" என்று நான் எப்படி எழுதுவேன்? எனக்காக அவன் ஆரம்பித்ததை நானே எப்படி உடைப்பேன்?

சுற்றி வளைத்து எழுதினேன். "நமக்குள் தெரிந்த அந்த விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். சேலம் போய்க் காட்டவும்." பதில் வந்தது: "இவ்விடம் சகலரும் க்ஷேமம். மழை பரவாயில்லை. நிலக்கடலை நன்றாக வந்திருக்கிறது." மறுபடி எழுதினேன், கொஞ்சம் அழுத்தமாக. மறுபடி நிலக்கடலை.

அவனுக்குப் புரியாமல் இல்லை. டாக்டரிடம் போனால் வெற்றிலையைத் துப்பச் சொல்வார், உதட்டைக் கழுவச் சொல்வார். கூட அண்ணி வருவாள். அதற்குத்தான் பயந்தான். புற்று என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த பயத்துக்கும் தெரியாத பயத்துக்கும் நடுவில் மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது கடிதத்தில் ஒரு தந்திரம் செய்தேன். மேலே எல்லோரையும் விசாரித்துவிட்டு, நடுவில் இப்படி எழுதினேன்: "வாத்தியார் ஐயா அவர்களுக்கு, இதற்குக் கீழே உள்ளதை என் அண்ணனிடம் மட்டும் தனியாகப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்." அதற்குக் கீழே எல்லாவற்றையும் பச்சையாக எழுதினேன்.

வாத்தியார் எழுதியிருப்பதை விட்டுப் படிக்கிறவர் இல்லை. "வாத்தியார் ஐயா அவர்களுக்கு" என்பதையும் அதே குரலில் படித்திருக்கிறார். "தனியாகப் படித்துக் காட்டும்படி" என்பதையும் படித்திருக்கிறார். அந்த வேகத்திலேயே கீழேயும் இறங்கிவிட்டார்: "அண்ணா, உன் உதட்டில் வெள்ளை விழுந்திருப்பதால் வெயில் அதை அதிகமாகத் தாக்குகிறது. அந்தப் புண் சுண்ணாம்பு சுட்டதல்ல, புற்றாக இருக்கலாம்." படித்து முடித்த பிறகுதான் தாம் என்ன படித்தோம் என்று அவருக்கே உறைத்ததாம்.

அவர் அப்படித்தான் படிப்பார் என்று எனக்குத் தெரியாதா? அவரிடம் மூன்று வகுப்புப் படித்தவள் நான். தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ. பல வருஷம் இதை யோசித்துவிட்டேன், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

6

அன்று அங்கே நடந்ததை அண்ணி பின்னால் எனக்கு நேரில் சொன்னாள்.

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லைப் பக்கம் போய்விட்டான். கொல்லை என்றால் நம் பக்கத்தில் காடு, மேட்டு நிலம். நிலக்கடலைச் செடி நடுவில் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அண்ணி பின்னாலேயே போனாள்.

"உங்க தங்கச்சி எழுதினதுல என்ன தப்பு? எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "உன்னை ஏமாத்திக் கட்டிட்டேன். இந்த உதட்டைக் காட்டியிருந்தா நீ வந்திருக்க மாட்ட."

"யாரு ஏமாந்தாங்க? கண்ணாலமாகி மொதோ நாளு சோறு போட்டப்பவே எனக்குத் தெரியும்ங்க. சோறு திங்கறப்ப வாயில வெத்தலை ஏது? தூங்கறதும் வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்கறீங்க. பத்து வருசமா நீங்க மறைக்கறதும் நான் பாக்காத மாதிரி இருக்கறதும்... போதும்ங்க, எனக்குச் சலிச்சுப் போச்சு."

அண்ணன் அழுதானாம். அண்ணி அழவில்லை. "உதட்டுல பாதி போனாலும் போவட்டும். எனக்கு ஆளு வேணும். எந்திரிங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள்.

மறுநாளே மொரப்பூர் வந்து ரயிலேறி சேலம் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னதும், வழக்கம் விடவில்லை, அண்ணன் அண்ணியை வெளியே இருக்கச் சொன்னான். அவள் நகரவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு அவளே கழுவிவிட்டாள். டாக்டர் புண்ணை அமுக்கிப் பார்த்தார், தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தார். கட்டி இறங்கவில்லை என்றார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்றும் சொன்னார். தேங்காய்ப் பத்தை அளவுக்கு முக்கோணமாக உதட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள்.

வெற்றிலை கூடாது, புகையிலை கூடாது, உச்சி வெயிலில் வேலை கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், மறுபடி வந்தாலும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். தலைப்பாகை கட்டினால் போதாது, முகத்தில் நிழல் விழ வேண்டும் என்றாராம் டாக்டர். இங்கே ஈயச் சுரங்கத்தில் மண் அலசும் சீனத்திகள் கூம்பாக ஒரு பெரிய ஓலைத் தொப்பி போடுவார்கள். ஊர் போகிற ஒருவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். வாத்தியார் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம்: "தாங்கள் அனுப்பிய தொப்பி வந்து சேர்ந்தது. மாடுகள் இரண்டு நாள் மிரண்டன. தற்சமயம் பழகிக்கொண்டன. ஜனங்கள் இன்னும் பழகவில்லை."

அதன் பிறகு இரண்டு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம். "சேலம் போய் வந்தோம். ஒன்றுமில்லை என்றார்." அந்த ஒரு வரிக்காகத் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலிலேயே நிற்பேன்.

7

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தபால் நின்றது.

அந்த மூன்றரை வருஷத்தில் இங்கே என்ன நடந்தது என்பது வேறு கதை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த காலம். என் வீட்டுக்காரர் அதில் அகப்படாமல் தப்பியது தெய்வச் செயல். பசியில் சரோஜா மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே அழுவாள், அதைத்தான் தின்றோம். இத்தனைக்கும் நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் மனது தானாக சேலம் போய் வரும். இன்றைக்கு அண்ணன் காட்டப் போயிருப்பான். டாக்டர் அமுக்கிப் பார்த்திருப்பார். என்ன சொல்லியிருப்பார்? அந்த வரி வரவில்லை. உதடு பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. அண்ணன் உதட்டைப் பார்க்க முடியவில்லை, இருப்பவர்கள் உதட்டையாவது பார்த்தேன்.

யுத்தம் முடிந்து முதல் கடிதம் வந்தது. புதுக் கையெழுத்து. பழைய வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டாராம். "இவ்விடம் எல்லோரும் நலம்" என்று இருந்தது. அதற்கு மேல் உதட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த 'நலம்' என்ற சொல்லை நான் நம்பவில்லை. ஜப்பான் காலத்தில் காய்ச்சலில் போன என் கைக்குழந்தையைப் பற்றி எழுதாமல், நானும் "இவ்விடம் அனைவரும் நலம்" என்றுதான் எழுதியிருந்தேன். தூரத்தில் இருப்பவர்களை அழவைக்கக் கூடாது என்று நாம் எல்லோருமே இப்படித்தான் எழுதுகிறோம். உதட்டைப் பற்றிக் கேட்டு மறுபடி எழுதினேன். அதற்கும் நலம் என்றே பதில் வந்தது.

சரோஜாவை அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பிரயாணச் சீட்டு வாங்குவதற்குள் ஆறு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். ஒரு பாரத்தில், இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர் பெயர் எழுத வேண்டும். அண்ணன் பெயரை எழுதினேன். பக்கத்தில், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார இளைஞன் பொறுமையாகக் காத்திருந்தான். கடைசியில் அவனே பேனாவை வாங்கி, "ஆமாம்" என்று எழுதினான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

8

வண்டி மொரப்பூரில் நின்றபோது நல்ல வெயில். சரோஜாவைப் பெட்டியருகே நிறுத்திவிட்டு ஆட்களைத் தேடினேன். வருகிற நாளைத் தந்தியில் சொல்லியிருந்தோம். பதினாறு வருஷம் கழித்து வருகிறேன், அண்ணன் வராமல் இருக்க மாட்டான்.

பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். சிவந்த வாய் ஒன்றையும் காணோம். மூங்கில் கூடைக்காரர்கள், ஒரு போலீஸ்காரர், மரத்தடியில் நாலைந்து பேர். திரும்பவும் நடந்து வந்தேன். அண்ணியையும் காணோம். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சேதியை ஸ்டேஷனில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்று வூட்டிலேயே இருந்துவிட்டார்கள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்பாப்பா, ரெண்டு தடவை என்னையத் தாண்டிப் போறியே! யாரைத் தேடற?"

திரும்பினேன். தலை நரைத்த, மெலிந்த ஒரு மனிதர். கீழ் உதடு வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஒரு தையல் கோடு. அண்ணன்தான். நான் பன்னிரண்டு வயதில் சிவப்பாக்கிவிட்ட உதட்டையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெற்றிலை இல்லாத அண்ணன் முகம் எனக்குத் தெரியவே இல்லை.

"அண்ணி எங்க?" என்றுதான் முதலில் கேட்க வந்தது.

"வண்டில மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. என்ன, பேயடிச்ச மாதிரி பாக்கற?"

கை தானாக அவன் தாடைப் பக்கம் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள். அந்தக் கூடைக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் என் விரலைப் பிடித்தான். தன் உதட்டின் மேல் வைத்து அவனே அழுத்தினான்.

"அமுக்கிப் பாரு. கல்லு இருக்குதா?"

இல்லை. தழும்பு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருந்தது.

"தாடைக்குக் கீழ பாரு. அங்கயும் பாக்கோணும்னு நீதான எழுதின?"

இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. என் கண்ணில் தண்ணீர் நிறைந்து அவன் முகம் மங்கிப்போனது.

"எல்லாரும் பாக்கறாங்கண்ணா" என்றேன்.

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் நன்றாகப் பார்ப்பதற்காக அண்ணன் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.